நான்காம் விதிக்கு ஒரு வேடசந்தூர் உரை

மூலம்

"அரசுகள் பெண்களுக்கு எதிரான வன்முறையைக் கண்டிக்க வேண்டும். அதை ஒழிக்கும் கடமையிலிருந்து நழுவுவதற்காக எந்த வழக்கத்தையும், மரபையும், சமயக் காரணத்தையும் காட்டக் கூடாது. அதை ஒழிக்கும் கொள்கையைத் தக்க வழிகள் அனைத்திலும், தாமதமின்றி மேற்கொள்ள வேண்டும். அரசு இழைத்ததாயினும் தனியார் இழைத்ததாயினும் அவ்வன்முறையைத் தடுக்கவும், விசாரிக்கவும், நாட்டுச் சட்டப்படி தண்டிக்கவும் உரிய முனைப்புக் காட்ட வேண்டும்."

மூலத்தின் வரலாறு

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1993 டிசம்பர் 20 அன்று 48/104 என்ற தீர்மானத்தின் வழியே ஒரு பிரகடனத்தை ஏற்றது. பெண்களுக்கு எதிரான வன்முறையை ஒழிப்பது பற்றிய அந்தப் பிரகடனத்தில் ஆறு விதிகள் உண்டு. மேலே தந்திருப்பது நான்காம் விதியின் முகப்பும் அதன் மூன்றாம் உட்பிரிவும். தமிழ் வாசகம் இந்த உரைக்காக நான் ஆக்கியது.

முதல் இரண்டு விதிகளைத் தெரிந்துகொண்டால்தான் இது விளங்கும். முதல் விதி வன்முறை எது என்று வரையறுக்கிறது. உடலையும் மனதையும் வதைப்பது, பாலியல் கொடுமை, அப்படிச் செய்துவிடுவதாக மிரட்டுவது, வற்புறுத்துவது, சுதந்திரத்தைத் தன்னிச்சையாகப் பறிப்பது ஆகிய எல்லாம் அதில் அடங்கும். இரண்டாம் விதி அது நடக்கும் இடங்களைக் குடும்பம், சமூகம், அரசு என்று மூன்றாகப் பிரிக்கிறது. வரதட்சணைக் கொடுமையும் மனைவிமேல் கணவன் செய்யும் வல்லுறவும் குடும்பத்தின்கீழ் வருகின்றன. வேலையிடத்துப் பாலியல் தொல்லை சமூகத்தின்கீழ் வருகிறது.

உலகத்துக்கென எழுதிய இந்த வாசகத்துக்குத் திண்டுக்கல் மாவட்டத்து வேடசந்தூரில் உட்கார்ந்து உரை எழுதக் காரணம் உண்டு. குடகனாறு ஓடினாலும் மழையை நம்பியே இருக்கும் பூமி இது. மத்திய அரசின் புகையிலை ஆராய்ச்சி நிலையம் இங்கே இருக்கிறது என்பதே இந்த மண்ணில் என்ன விளைந்தது என்பதைச் சொல்லும். காட்டு வேலை குறையக் குறைய, திண்டுக்கல்லிலிருந்து கரூர் போகும் சாலையின் இருமருங்கும் நூற்பாலைகள் எழுந்தன; பின்னர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளும் வந்தன. இன்று விடியலில் ஊர் ஊராகச் சுற்றும் மில் வேன்களில் ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். குடும்பம், சாதி, முதலாளி, அரசு என்று இந்த விதி பேசும் எல்லாத் தரப்பும் அந்தப் பெண்களின் வாழ்க்கையில் ஒன்றாக வந்து சேர்கின்றன.

"அரசுகள்"

அடிப்பவன் கணவன், மிரட்டுபவன் மேற்பார்வையாளன், தள்ளிவைப்பது ஊர். அவர்களை விட்டுவிட்டு அரசை ஏன் விளித்தது எனின், அவர்களுடைய குற்றத்தைச் சொல்வது அந்தந்த நாட்டின் தண்டனைச் சட்டத்தின் வேலை. பாதிக்கப்பட்டவள் போய் நிற்கும் வாசலைப் பற்றித்தான் இந்த விதி பேசுகிறது.

தமிழ்நாட்டில் 1992 முதல் அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் இருக்கின்றன. "புருஷன் பொண்டாட்டின்னா நாலும் இருக்கும், பேசித் தீத்துக்கங்க" என்று அனுப்பிவைக்கப்பட்ட பெண்கள் அந்த நிலையங்களின் வாசலிலும் உண்டு. அப்படிச் சொல்பவர் யாரையும் அடிக்கவில்லை. அடுத்த அடி விழாமல் தடுக்கக் கூடியவர், ஊர் வழக்கத்தைச் சொல்லி ஒதுங்கிக்கொள்கிறார், அவ்வளவுதான். ஆகவே அரசு என்றால் டில்லியும் கோட்டையும் மட்டுமல்ல. மனுவை வாங்கும் காவலர், மில்லுக்கு ஆய்வுக்கு வரும் தொழிற்சாலை ஆய்வாளர், பதினாறு வயதுப் பெண்ணின் கல்யாணப் பத்திரிகையைக் கையில் வாங்கும் ஊர் அலுவலர் ஆகிய எல்லோரும் அந்தச் சொல்லுக்குள் வருவார்கள்.

"கண்டிக்க வேண்டும்"

இதற்கு நீண்ட உரை தேவையில்லை. கண்டிப்பதை எல்லா அரசுகளும் செய்கின்றன. விதியின் கனம் முழுவதும் அடுத்த வாக்கியத்தில் இருக்கிறது.

"எந்த வழக்கத்தையும்"

வழக்கம் என்றதும் உடன்கட்டையும் கைம்பெண்ணின் தலையை மழிப்பதும் நினைவுக்கு வரும். ஒழிந்துபோனதைக் கண்டிப்பதற்குத் துணிச்சல் வேண்டியதில்லை. இந்தப் பக்கத்தில் இன்றும் உயிரோடிருக்கும் வழக்கம், "எத்தனை பவுன் போடுறீங்க?" என்ற கேள்வியில் இருக்கிறது.

வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இல் வந்தது. கொடுப்பதும் வாங்குவதும் குற்றம் என்றது. 1984இல் செய்த திருத்தம் ஒரு விலக்கைச் சேர்த்தது: பெண் வீட்டார் யாரும் கேட்காமல் தரும் அன்பளிப்பு, வழக்கத்தில் உள்ளதாகவும் அவர்களின் வசதிக்கு மீறாததாகவும் இருந்து, பட்டியலிலும் எழுதப்பட்டால் குற்றமாகாது. வாய்விட்டுக் கேட்டால் வரதட்சணை. கேட்காமலே ஊர் வழக்கப்படி போட்டால் சீர். இதில் மாப்பிள்ளை வீட்டார் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. அவர்களுக்காக வழக்கமே கேட்டுவிடுகிறது. நான்காம் விதி எதை வெளியே நிறுத்தச் சொன்னதோ அதற்கு நம் சட்டம் உள்ளேயே ஓர் இருக்கை போட்டுக் கொடுத்திருக்கிறது.

இந்த வழக்கத்தை அஸ்திவாரமாக வைத்து ஒரு வேலைமுறையே எழும்பியது. 1990களில் கோவை, திருப்பூர், திண்டுக்கல் வட்டார நூற்பாலைகளில் பரவிய அதற்குச் சுமங்கலித் திட்டம் என்று பெயர். திருமகள் திருமணத் திட்டம் என்றும் சொன்னார்கள். புரோக்கர் ஊருக்குள் வருவார். ஏழை வீட்டில் வயதுக்கு வந்த பிள்ளை இருக்கிறதா என்று விசாரிப்பார். மூன்று வருட ஒப்பந்தம், மில் வளாகத்திலேயே ஹாஸ்டல், சாப்பாடு, கையில் சொற்பக் கூலி. முடிவில் மொத்தமாக 30,000, 50,000 என்று ஒரு தொகை. "கல்யாணத்துக்கு ஆச்சு" என்று பெற்றோர் ஒப்புக்கொள்வார்கள். அரை நைட், முழு நைட் என்று ஷிப்ட் மாறி மாறி, பஞ்சுத் தூசிக்குள் பிள்ளை நிற்கும்.

இதில் வன்முறை எங்கே எனின், முதலில் பணத்தில் இருக்கிறது. அந்த மொத்தத் தொகை மில் தரும் பரிசல்ல, மாதாமாதம் அவள் கையில் சேர வேண்டிய கூலியில் பிடித்துவைத்தது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காலத்துக்குக் கூலியை நிறுத்திவைக்கக் கூடாது என்று 1936ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டமே சொல்லியிருந்தது. இரண்டரை வருடம் உழைத்து, உடம்புக்கு முடியாமல் வீடு திரும்பிய பிள்ளைக்கு அந்தத் தொகை கிடைக்காது. ஆகவே முடியாத உடம்போடும் அவள் ஹாஸ்டலிலேயே கிடந்தாள். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது கட்டாய உழைப்பு என்று ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1982இலேயே தீர்ப்பளித்திருந்தது. அதையும் மீறித்தான் இந்தத் திட்டம் வளர்ந்தது.

அடுத்தது வாசற்கதவு. ஹாஸ்டலை விட்டுத் தனியாக வெளியே போகக் கூடாது. வார்டன் பக்கத்தில் இருக்கும்போதுதான் போனில் பேசலாம். கடைக்குப் போவதும் கூட்டமாக, காவலோடு. நெதர்லாந்தைச் சேர்ந்த சோமோ, இந்தியக் குழு என்ற இரு அமைப்புகளும் 2011இலும் 2014இலும் வெளியிட்ட ஆய்வறிக்கைகள் இவற்றையெல்லாம் பதிவு செய்தன. கேட்டால், "வயசுப் பிள்ளைங்க, ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா பெத்தவங்களுக்கு யாரு பதில் சொல்றது?" என்பதுதான் நிர்வாகங்களின் பதில். முதல் விதியின் வரையறையில் சுதந்திரத்தைத் தன்னிச்சையாகப் பறிப்பது வன்முறையாக எண்ணப்பட்டிருப்பதை இங்கே கூட்டிப் படிக்க வேண்டும். வீட்டில் மகளுக்கு இருந்த காவலை மில் இரவல் வாங்கிக்கொண்டது. வீட்டில் அது மானத்துக்காக இருந்தது. மில்லில் உற்பத்திக்காக ஆனது.

சுமங்கலி என்ற பெயரை இன்று யாரும் வெளியில் சொல்வதில்லை. ஹாஸ்டல்கள் இருக்கின்றன. உள்ளூர்ப் பிள்ளைகள் இருந்த இடத்துக்கு ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் பெண்கள் வந்திருக்கிறார்கள்.

பவுன் கணக்கு பெண் பிறந்த அன்றே தொடங்கிவிடும். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் மதுரை, தேனி, தருமபுரியோடு திண்டுக்கல் மாவட்டத்துக்கும் விரிந்ததை இங்கே நினைக்க வேண்டும்.

அரசு இந்த வழக்கத்திலிருந்து விலகி நின்றதா? நெடுங்காலம் இல்லை. 1989இல் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண நிதியுதவித் திட்டத்தில் 2011இல் தாலிக்கு 4 கிராம் தங்கம் சேர்ந்தது. 2016இல் அது 8 கிராமானது. படித்தால்தான் உதவி என்ற நிபந்தனை பிள்ளைகளைப் பள்ளியில் நிறுத்தியது உண்மை. ஆனாலும் படிப்பின் பயன் கல்யாணத்தில் கிடைக்கும் என்பதே அதன் கணக்கு. 2022இல் அதே பணம் அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாயாக மாற்றப்பட்டது. புதுமைப்பெண் என்று நாம் அறிந்த திட்டம் அது. வழக்கத்தைத் திட்டி ஒரு வார்த்தை பேசாமல், வழக்கத்துக்குப் போன பணத்தைத் திருப்பிவிட்ட அந்த அரசாணை, இந்தப் பகுதிக்கு எழுதிய நல்ல உரைகளில் ஒன்று.

"மரபையும்"

மரபின் பெயரால் நம் பக்கத்தில் அதிகமாகக் காக்கப்படுவது சாதி. அதைக் காக்கும் வேலை பெண்ணின் உடம்புமேல் சுமத்தப்பட்டிருக்கிறது. பழனியைச் சேர்ந்த கௌசல்யா தலித் இளைஞர் சங்கரைத் திருமணம் செய்துகொண்டார். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் இருவரையும் வெட்டினார்கள். சங்கர் இறந்தார், கௌசல்யா காயங்களோடு பிழைத்து வழக்கை நடத்தினார். 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் அவருடைய தந்தை உட்பட ஆறு பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. 2020 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தந்தையை விடுவித்து, மற்ற ஐந்து பேரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. இடையில், 2018 மார்ச்சில், சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் சாதி மீறி மணந்தவர்களைக் காக்க மாவட்டந்தோறும் தனிப்பிரிவு அமைக்கச் சொன்னது.

பெண்ணின் விருப்பம் மரபை மீறும்போது விழும் அடி இது. பெண் தன் வேலையைச் செய்ததற்காக விழுந்த அடி ஒன்றும் இருக்கிறது. ராஜஸ்தானில் பட்டேரி என்ற ஊர். பன்வாரி தேவி அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் ஊழியர். ஒரு கைக்குழந்தைக்கு நடக்கவிருந்த கல்யாணத்தைத் தடுக்கப் பார்த்ததற்காக 1992 செப்டம்பரில் ஆதிக்கசாதி ஆண்கள் அவரைக் கூட்டாக வல்லுறவு செய்தார்கள். 1995இல் விசாரணை நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்டவர்களை அந்தக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. மேல்சாதிக்காரர் கீழ்ச்சாதிப் பெண்ணைத் தொடுவாரா என்கிற வாதத்துக்கு அந்தத் தீர்ப்பில் இடம் கிடைத்தது என்பதால்தான் நாடெங்கும் பெண்கள் கொதித்தார்கள்.

மரபு இங்கே இரண்டு முறை பேசியிருப்பதைக் கவனிக்க வேண்டும். ஊரில் ஒருமுறை கல்யாணத்தைக் காக்கப் பேசியது. நீதிமன்றத்தில் இன்னொருமுறை ஆண்களைக் காக்கப் பேசியது. நான்காம் விதி குறிவைப்பது இந்த இரண்டாவது பேச்சை.

"சமயக் காரணத்தையும்"

இதற்கு உதாரணம் தேடி வெளியூர் போக வேண்டாம். கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடுவதை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1929, 1930ஆம் ஆண்டுகளில் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் முனைந்தார். சத்தியமூர்த்தி போன்றவர்கள் கோயில் மரபு, கலை, சமயத்தில் அரசு தலையிடலாமா என்ற வாதங்களோடு எதிர்த்தார்கள். அந்தக் குலத்தில் வளர்ந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் மேடை மேடையாக உள்ளிருந்து பேசினார். 1936இல் நாவலாகவும் எழுதினார். தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது 1947இல். கேட்டதற்கும் கிடைத்ததற்கும் இடையில் பதினெட்டு வருடங்களைச் சமயக் காரணம் விழுங்கியது.

அரசியல் சாசனத்தின் 25ஆம் பிரிவு சமய சுதந்திரம் தருகிறது. ஆனால் பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, உடல்நலம், மற்ற அடிப்படை உரிமைகள் ஆகியவற்றுக்கு உட்பட்டே அதைத் தருகிறது. நான்காம் விதியோடு இது முரண்படாது. தாவூதி போரா சமூகத்தில் சிறுமிகளுக்குச் செய்யப்படும் பிறப்புறுப்புச் சிதைப்பை எதிர்த்த வழக்கில் சமய உரிமையே எதிர்வாதமாக வைக்கப்பட்டது. 2018இல் அது பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டது. எந்தச் சமயத்துக்கும் இந்த வாசகத்தில் விலக்கும் இல்லை, தனியான பழியும் இல்லை.

"காட்டக் கூடாது"

விதியின் உயிர் இந்த இரண்டு சொற்களில் இருக்கிறது. வழக்கம் இருக்கக் கூடாது என்று இந்த வாசகம் சொல்லவில்லை. மரபை விட்டுவிடு என்றும் சொல்லவில்லை. கடமை வரும்போது அதை எடுத்துக் காட்டாதே என்கிறது. அதைக் காட்டிய அரசுகளில் நம்முடையதும் உண்டு.

பெண்களுக்கு எதிரான எல்லா வகைப் பாகுபாட்டையும் ஒழிக்கும் 1979ஆம் ஆண்டின் உடன்படிக்கையை இந்தியா 1993 ஜூலையில் ஏற்றது. ஏற்கும்போதே இரண்டு அறிவிப்புகளை இணைத்தது. ஒன்று: எந்தச் சமூகத்தின் சொந்த விவகாரத்திலும் அச்சமூகத்தின் முன்முயற்சியும் ஒப்புதலும் இல்லாமல் தலையிடுவதில்லை என்ற கொள்கைக்கு இசைந்தே, பண்பாட்டு நடைமுறைகளை மாற்றுவது பற்றியும் மணவாழ்வில் சமத்துவம் பற்றியும் உள்ள பிரிவுகளை நிறைவேற்றுவோம். மற்றொன்று: வழக்கங்களும் சமயங்களும் எழுத்தறிவு நிலைகளும் பலவாக உள்ள பெரிய நாட்டில் திருமணப் பதிவைக் கட்டாயமாக்குவது நடைமுறைக்கு ஒத்துவராது. ஐந்து மாதம் கழித்து, வழக்கத்தைக் காட்டக் கூடாது என்ற இந்தப் பிரகடனம் பொதுச்சபையில் வாக்கெடுப்பின்றி நிறைவேறியது. இந்தியா அதை எதிர்க்கவில்லை. திருமணப் பதிவு ஒத்துவராது என்றது என்ன ஆயிற்று? 2006இல் உச்ச நீதிமன்றம் கட்டாயப் பதிவுக்கு உத்தரவிட்டது. தமிழ்நாடு 2009இல் சட்டமே இயற்றியது. வேடசந்தூர் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அது ஒத்துவந்துவிட்டது.

சமூகத்தின் ஒப்புதல் என்றால் சமூகத்தில் யாருடைய ஒப்புதல்? பன்வாரி தேவியும் அந்தச் சமூகம்தான். மூவலூர் அம்மையாரும் கௌசல்யாவும் அப்படியே. ஒப்புதல் கேட்கப்படும் வரிசையில் அவர்களுக்கு இடம் இருந்ததில்லை.

இன்னும் இரண்டு காட்டல்கள். பதினெட்டு வயது நிரம்பாத மனைவியோடு உறவு கொள்வது வல்லுறவாகுமா என்ற வழக்கில் மத்திய அரசு, குழந்தைத் திருமணம் நாட்டின் சமூக யதார்த்தம் என்றும் 2.3 கோடிக் குழந்தை மணப்பெண்கள் இருக்கிறார்கள் என்றும் வாதிட்டது. அது வாதமாகாது என்று 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தள்ளியது. வயது வந்த மனைவியின் விஷயத்தில், கணவன் செய்வது வல்லுறவாகாது என்ற விலக்கு இன்னும் இருக்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவிலும் அது அப்படியே வந்து உட்கார்ந்திருக்கிறது. 2024 அக்டோபரில் மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில், இதை வல்லுறவு என்று ஆக்குவது மிகக் கடுமையானது, திருமணம் என்ற அமைப்பைப் பாதிக்கும் என்றது.

நம் பண்பாட்டின் சொத்தாகப் பேசப்படும் இந்த விலக்கு 1860இல் ஆங்கிலேயர் எழுதிய தண்டனைச் சட்டத்தின் வழியே வந்தது. மணந்தபோதே மனைவி மீளாத சம்மதம் தந்துவிட்டாள் என்று 17ஆம் நூற்றாண்டில் ஆங்கில நீதிபதி மேத்யூ ஹேல் சொன்னதில் அதன் வேர் இருக்கிறது. இங்கிலாந்து அதை 1991இல் கைவிட்டது. அவர்கள் எறிந்ததை நாம் மரபு என்று காட்டிக்கொண்டிருக்கிறோம்.

"தாமதமின்றி"

வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இல் வந்தது. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் கணவன் வீட்டுக் கொடுமைக்கான 498ஏ பிரிவு 1983இல். வரதட்சணைச் சாவுக்கான 304பி பிரிவு 1986இல். பன்வாரி தேவிக்கு நேர்ந்ததை முன்னிட்டுப் பெண்கள் அமைப்புகள் தொடுத்த விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1997 ஆகஸ்டில் வேலையிடத்துப் பாலியல் தொல்லைக்கு நெறிமுறைகள் தந்தது. அவற்றைச் சட்டமாக்க நாடாளுமன்றத்துக்கு 2013 வரை ஆனது. இந்த இடைவெளிகளில் பதினெட்டு வயதில் மில்லுக்குள் போனவள், முப்பது தாண்டி, காதில் இரைச்சலோடு வெளியே வந்திருப்பாள்.

"தக்க வழிகள் அனைத்திலும் . . . அரசு இழைத்ததாயினும் தனியார் இழைத்ததாயினும்"

அரசு இழைத்தது என்பதற்குத் தமிழ்நாட்டில் வாச்சாத்தி ஒன்று போதும். 1992 ஜூன் 20 அன்று தருமபுரி மாவட்டத்து அந்த மலைக் கிராமத்தில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் புகுந்தார்கள். பழங்குடிப் பெண்கள் 18 பேர் வல்லுறவுக்கு ஆளானார்கள். தீர்ப்பு 2011இல் வந்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் அதை உறுதி செய்தது.

தனியார் இழைத்தது என்பதற்கு வேடசந்தூருக்கே வர வேண்டும். 2021 ஜனவரி தொடக்கத்தில், இந்த வட்டாரத்தில் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் குழுமத்தின் நாச்சி அப்பேரல் ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த 20 வயதுத் தலித் பெண் ஒருவரின் உடல் கண்டெடுக்கப்பட்டது. அவருடைய மேற்பார்வையாளர் கொலைக் குற்றச்சாட்டில் கைதானார். பல மாதங்களாகவே அந்தப் பெண்ணுக்குத் தொல்லை இருந்ததாக உடன் வேலை செய்தவர்களும் தொழிற்சங்கமும் கூறினார்கள்.

2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். காகிதத்தில் அது பல இடங்களிலும் இருந்தது. பிறகு ஏன் பெண்கள் வாய் திறக்கவில்லை? வழக்கம் எங்கே வேலை செய்கிறது என்பதை இங்கேதான் பார்க்க வேண்டும். மேற்பார்வையாளனைப் பற்றி வீட்டில் சொன்னால், "நாளையிலருந்து நீ வேலைக்குப் போக வேணாம்" என்பார்கள். ஊருக்குத் தெரிந்தால் மாப்பிள்ளை அமையாது. அவன் ஆதிக்கசாதி என்றால் தெருவுக்கே பிரச்சினை வரும். வேலையும் போய்ப் பேரும் போவதைவிடப் பொறுத்துக்கொள்வது மேல் என்று அவள் முடிவு செய்வாள். அவள் செய்வாள் என்பது அவனுக்கும் தெரியும். மில்லில் யாரும் மரபைப் பற்றிப் பேசுவதில்லை. புகார்ப் பெட்டியைக் காலியாக வைத்திருக்கும் வேலையை அது சத்தமில்லாமல் செய்துவிடுகிறது.

இங்கே தக்க வழி என்ன? தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், திவ்ய ராகினியின் தலைமையில் ஒரு வருடத்துக்கு மேல் போராடியது. ஆசியத் தளக்கூலிக் கூட்டமைப்பும் அமெரிக்கத் தொழிலாளர் உரிமை அமைப்பு ஒன்றும் கைகோத்தன. 2022 ஏப்ரலில், ஆலைகளில் பாலின வன்முறையைத் தடுக்கும் திண்டுக்கல் ஒப்பந்தம் வந்தது. ஆடை வாங்கும் எச் அண்ட் எம் முதலில் கையெழுத்திட்டது. அதே வருடம் கேப், பிவிஎச் நிறுவனங்களும் சேர்ந்தன. திண்டுக்கல் பகுதியிலுள்ள குழுமத்தின் ஆலைகளில் சுமார் 5,000 தொழிலாளர்களை அது உள்ளடக்கியது. இடையில், 2022 ஜூலை இறுதியில், கட்டாய உழைப்பு அறிகுறிகளைச் சொல்லி அமெரிக்கச் சுங்கத்துறை அந்தத் தொழிற்சாலைச் சரக்கை நிறுத்தியது. திருத்த நடவடிக்கைகளுக்குப் பிறகு செப்டம்பரில் தடையை நீக்கியது.

அந்த ஒப்பந்தத்தின் உள்ளமைப்பை இந்த விதிக்கு உரையாகவே படிக்கலாம். சங்கம் தேர்ந்து பயிற்சி தந்த பெண்கள் உற்பத்தித் தளத்திலேயே கண்காணிப்பாளர்களாக நிற்பார்கள். புகார் வீட்டுக்கோ ஊருக்கோ போய்த் திரும்ப வேண்டியதில்லை; பக்கத்துத் தையல் எந்திரத்தில் இருப்பவளிடம் சொல்லலாம். நிர்வாகத்துக்குக் கட்டுப்படாத மதிப்பீட்டாளர்கள் விசாரிப்பார்கள். புகார் செய்தவரைப் பழிவாங்கத் தடை. சாதியாலும் வெளிமாநிலத்தவர் என்பதாலும் பாகுபாடு காட்டத் தடை. ஆலை மீறினால், வாங்கும் நிறுவனங்கள் வணிகத்தில் விலை கொடுக்க வைக்க வேண்டும். ஆலையில் பேசினால் வேலை போகும் என்றிருந்த பயத்துக்கு எதிரே, பேச விடாவிட்டால் ஆர்டர் போகும் என்ற பயத்தை வைத்தார்கள். 1993இன் வாசகத்தில் இல்லாத ஒன்றை வேடசந்தூர்ப் பெண்கள் சேர்த்துவிட்டார்கள்: கடமை தவறினால் யாருக்கு, எவ்வளவு நட்டம் என்ற கணக்கு.

தடையும் விடையும்

தடை: இது மேற்கத்தியர் எழுதியது, நம் பண்பாட்டைத் தூற்ற வந்தது.

விடை: முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் பேசியபோது ஐக்கிய நாடுகள் சபையே பிறக்கவில்லை. ஹேலின் கோட்பாடு காட்டுவதுபோல மேற்கும் தன் வழக்கத்தைச் சட்டமாக வைத்திருந்த பூமிதான். மலிவு விலையில் சட்டை கேட்டு உற்பத்தி இலக்கை ஏற்றியவர்களில் மேற்கத்திய நிறுவனங்கள் உண்டு; அவர்களையும் சேர்த்தே திண்டுக்கல் ஒப்பந்தம் கட்டியது.

தடை: பிரகடனம் எந்த அரசையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. வெறும் வாசகத்துக்கு ஏன் உரை?

விடை: கட்டுப்படுத்தாது என்பது மெய். ஆனால் விசாகா வழக்கில் உள்நாட்டுச் சட்டம் இல்லாத இடத்தை, இந்தியா ஏற்ற உடன்படிக்கையைக் கொண்டு உச்ச நீதிமன்றம் நிரப்பியது. வேடசந்தூரில் ஓர் ஒப்பந்தம் அந்த வேலையைச் செய்தது. வாசகத்தைக் கையில் எடுத்தவர் இருந்த இடத்தில் அது பலித்திருக்கிறது.

ஒப்புமைப் பகுதி

இதே பொருளை நம் அரசியல் சாசனம் முன்பே சொல்லியிருக்கிறது. 1976இன் 42ஆம் திருத்தம் சேர்த்த 51ஏ பிரிவின் (இ) உட்பிரிவு, பெண்களின் கண்ணியத்தைக் குலைக்கும் பழக்கங்களைக் கைவிடுவதைக் குடிமக்கள் ஒவ்வொருவரின் கடமையாக்குகிறது. சாசனம் குடிமக்களைப் பார்த்துச் சொன்னதும் பிரகடனம் அரசைப் பார்த்துச் சொன்னதும் ஒன்றையொன்று நிரப்புவன. குடிமக்கள் கைவிடும்வரை தலையிட மாட்டோம் என்று அரசு காத்திருந்தால் இரண்டும் வீணாகும்.

முடிபு

இந்த விதி இந்தியாவில் நிறைவேறியது என்று சொல்ல இன்னும் செய்ய வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. 1993இல் இணைத்த அறிவிப்புகளைத் திரும்பப் பெற வேண்டும். தண்டனைச் சட்டத்தில் கணவனுக்குள்ள விலக்கை நீக்க வேண்டும். வேலை உலகில் வன்முறையையும் தொல்லையையும் ஒழிக்க 2019இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு நிறைவேற்றிய 190ஆம் உடன்படிக்கையை இந்தியா ஏற்க வேண்டும். ஒரு குழுமத்தின் ஆலைகளில் நடைமுறைக்கு வந்த கண்காணிப்பு, அதே சாலையிலுள்ள மற்ற மில்களுக்கும் வர வேண்டும். அதற்கு இன்னொரு பெண் சாகும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

அதுவரை, மனு வாங்க வேண்டிய ஒருவர் மனுவை வாங்காமல் "இந்தப் பக்கம் அப்படித்தாம்மா வழக்கம்" என்றால், அவர் தம் கடமையிலிருந்து நழுவுகிறார் என்று கொள்க. நான்காம் விதியின் கருத்து இதுவே.